மூச்சைப் பிடிக்காத எலி

ஈரோட்டுல ஒரு ஸ்கேன் சென்டர்ல இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவரு சென்னியப்பன். அவரு கைக்கு வந்த மனுஷங்க யாரும் மிஷினுக்குள்ள அசைஞ்சதே கிடையாது. எல்லாம் அவரோட குரல் பண்ணின வேலை.

"மூச்சை நல்லா இழுங்க... அப்படியே புடிங்க... விட்டறாதீங்க..."

மளிகைக் கடைக்காரர் வந்து படுத்தாருன்னா இதையே வருமான வரி ஆபீசர் குரல்ல சொல்லுவாரு. மூச்சு தானா நின்னுரும். வாத்தியார் வந்தா இன்ஸ்பெக்ஷனுக்கு வர்ற அதிகாரி குரல். புது மாப்பிள்ளை வந்தா மாமனார் குரல். படமெல்லாம் கண்ணாடி மாதிரி விழும்.

ஐம்பது வயசு தாண்டினப்புறம் ஒரு கருத்தரங்குக்குப் போனாரு. அங்க திரையில ஒரு இதயத்தோட படம். நாலு அறையும் தனித்தனியாத் தெரியுது, சுவரோட கனம் கூடத் தெரியுது. நல்லா எடுத்திருக்காங்கன்னு நினைச்சாரு. அப்புறந்தான் சொன்னாங்க, அது சுண்டெலியோட இதயம்னு. பட்டாணி அளவு இருக்கும். நிமிஷத்துக்கு ஐந்நூறு தடவை துடிக்கும். அது துடிச்சுக்கிட்டு இருக்கும்போதே எடுத்த படம்.

"யாருங்க எடுத்தது?"

முன் வரிசையில டீயை ஊதிக்கிட்டிருந்த ஒரு பொண்ணைக் காட்டினாங்க. டாக்டர் இசக்கியம்மாள். திருநெல்வேலிக்காரங்க. சென்னியப்பனை விடப் பதினஞ்சு வயசு சின்னவங்க.

சென்னியப்பன் நேராப் போய் நின்னாரு. "என்னை உங்ககூடச் சேத்துக்கோணுங்க மேடம்."

அவங்க அவரை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "டீ குடிக்கியளா அண்ணாச்சி?"

அப்படித்தான் சேர்ந்தாரு.

மலையடிவாரத்துல ஒரு ஆராய்ச்சி நிலையம். அதுல எலிக்குன்னே செஞ்ச ஒரு சின்ன சி.டி. மிஷின். வந்த முதல் நாளே சென்னியப்பன் ஒரு கேள்வி கேட்டாரு.

"மனுஷங்ககிட்ட மூச்சைப் புடின்னு சொல்லுவனுங்க. எலிகிட்ட என்னங்க மேடம் சொல்றது?"

இசக்கியம்மாள் நிஜமாவே யோசிச்சாங்க. "தெரியலையே. கேட்டுச் சொல்லுதேன்."

யார்கிட்டக் கேக்கப் போறாங்கன்னு சொல்லல.

மயக்கம் குடுத்த ஒரு எலியைப் பலகையில படுக்க வெச்சாங்க. நாலு பாதத்துலயும் ஈ.சி.ஜி. கிளிப். வயித்துக்குக் கீழ மூச்சு பார்க்கிற சின்னத் திண்டு. பக்கத்துல இருந்த கருவியில சத்தத்தைக் கூட்டி வெச்சாங்க. துடிப்புக்கு ஒரு பீப். மூச்சுக்கு ஒரு டக்.

"கேளுங்க"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க.

சென்னியப்பன் கேட்டாரு. மனுஷ இதயம்னா தாளம் மாதிரி இருக்கும். இது எண்ணெய்யில கடுகு பொரியற மாதிரி இருந்துது. கொஞ்ச நேரத்துல நாக்கு ஊற ஆரம்பிச்சுது. அது அவரோட வியாதி. எதைக் கேட்டாலும் அதை மாதிரியே பண்ணிப் பார்க்கணும். நாக்கை மேலண்ணத்துல ஒட்டிப் பார்த்தாரு, வரல. நுனியை மட்டும் பல்லுல வெச்சுப் பார்த்தாரு. கொஞ்சம் வந்துது.

இசக்கியம்மாள் திரும்பி வந்தப்ப ரூமுக்குள்ள ரெண்டு எலி துடிக்கிற சத்தம். ஒண்ணு பலகையில படுத்திருந்துது. இன்னொண்ணு ஸ்டூல்ல உக்காந்திருந்துது.

கதவுலயே நின்னு கேட்டாங்க. "நல்லாருக்கு."

அவங்க வாயில இருந்து அந்த வார்த்தை லேசுல வராதுன்னு லேப்ல எல்லாருக்கும் தெரியும். சென்னியப்பன் அன்னிக்கு வீட்டுக்கு ஃபோன் போட்டு எலி மாதிரி துடிச்சுக் காட்டினாரு. அவரு சம்சாரம், "நெட்வொர்க் சரியில்லீங்க, கரகரன்னு கேக்குது"ன்னு வெச்சுட்டாங்க.

தாசில்தார் வந்தது அதுக்கப்புறம்.

தாசில்தார்ங்கிறது ஒரு எலி. முன்னங்கால் ரெண்டையும் தொந்தி மேல வெச்சுக்கிட்டு, மீசையை அசைச்சுக்கிட்டு, வர்றவங்க போறவங்களை 'அப்புறம் வா'ங்கிற மாதிரி பார்க்கும். சென்னியப்பன் வெச்ச பேரு.

அதோட இதயத்துல ஒரு பக்கம் ரத்தம் போகாமச் செத்துப் போயிருந்துது. அதுக்கு ஒரு புது மருந்து குடுத்துக்கிட்டிருந்தாங்க. செத்த சுவர் மறுபடி அசையுதா? அதைத்தான் பார்க்கணும். பழைய முறையில வாரத்துக்கு ஒரு எலியை அறுத்துப் பார்ப்பாங்க. அறுத்தாச்சுன்னா அந்த எலியோட கதை அதோட முடிஞ்சுது. இந்த மிஷின் இருந்தா ஒரே எலியை உயிரோட வாரா வாரம் பார்க்கலாம். படம் தெளிவா வரணும், அவ்வளவுதான்.

"இந்தத் தடவை நீங்க எடுங்க"ன்னாங்க இசக்கியம்மாள்.

எப்படி எடுக்கிறதுன்னு சென்னியப்பன் படிச்சு வெச்சிருந்தாரு. மூச்சு வெளிய போய் நெஞ்சு ஓய்ஞ்சு நிக்கிற ஒரு சின்ன இடைவெளி இருக்கு. அந்த இடைவெளிக்குள்ள இதயம் ஒரே நிலையில இருக்கிற ஒரு கணம். அப்ப மட்டும் ஒரு படம். அப்புறம் மிஷின் கொஞ்சம் திரும்பும். மறுபடி அதே கணம் வர்ற வரைக்கும் காத்திருந்து அடுத்த படம். இப்படிச் சுத்தி சுத்தி எடுத்துச் சேர்த்தா, முழு இதயத்தையும் ஒரே கணத்துல எடுத்த மாதிரி இருக்கும்.

ஒவ்வொரு துடிப்பும் கிளம்பினதுல இருந்து இவ்வளவு நேரம் கழிச்சு எடுன்னு மிஷினுக்கு ஒரு அளவு சொல்லி வெச்சாரு.

ஒரே ஒரு தொல்லை. ஈ.சி.ஜி. கோடு கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் மயிரா ஓடுச்சு. எது துடிப்பு, எது எரைச்சல்னு மிஷினுக்கே தெரியல. கண்ட இடத்துலயெல்லாம் படம் எடுக்கப் பார்த்துது. சென்னியப்பன் ஒவ்வொரு வயரா தடவிப் பார்த்தாரு. எலிக்குக் கீழ ஒரு கரண்ட் விரிப்பு இருந்துது, சூட்டுக்காக. அதுல இருந்துதான் எரைச்சல் வந்துது.

பிளக்கைப் பிடுங்கினாரு. கோடு வகிடு எடுத்த மாதிரி சுத்தமாச்சு.

பீப் சத்தத்தையும் அணைச்சாரு. கோடுதான் கண்ணுக்கு முன்னால ஓடுதே, அப்புறம் காதுக்கு என்ன வேலை?

படம் எடுத்து முடிச்சு, கம்ப்யூட்டர் எல்லாத்தையும் சேர்த்துக் காட்டுச்சு. நாலு அறை இருக்க வேண்டிய இடத்துல எட்டு அறை இருந்துது. லாட்ஜ் மாதிரி.

இசக்கியம்மாள் வந்தாங்க. படத்தை ஒரு தடவை பார்த்தாங்க. 

"அண்ணாச்சி, நீங்க எடுக்க ஆரம்பிக்கும்போது இது எப்படித் துடிச்சுது? செஞ்சு காட்டுங்க."

சென்னியப்பன் நாக்கு நுனியில கடுகு பொரிச்சுக் காட்டினாரு. அச்சு அசல்.

"சரி. முடியும்போது?"

வாயைத் திறந்தாரு. சத்தம் வரல.

யாரை வேணா பண்ணுவாரு. கலெக்டரைப் பண்ணுவாரு, பஸ் கண்டக்டரைப் பண்ணுவாரு, மழையில நனைஞ்ச ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகறதைப் பண்ணுவாரு. இதைப் பண்ண முடியல.

"கேக்கலீங்க மேடம். சத்தத்தை அணைச்சு வெச்சிருந்தனுங்க."

அவங்க கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினாங்க.

பீப்... பீப்... பீப்...

முட்டி வலிக்காரர் மாடிப்படி ஏறுற மாதிரி இருந்துது.

இசக்கியம்மாள் விரிப்பைத் தொட்டுப் பார்த்தாங்க. ஜில்லுன்னு இருந்துது. எலியைத் தொட்டாங்க. அதுவும் அப்படித்தான் இருந்துது. மயக்கத்துல இருக்கிற எலிக்குத் தன்னைத் தானே சூடா வெச்சுக்கத் தெரியாது. உடம்பு ஆற ஆறத் துடிப்பு மெதுவாகும். துடிப்பு மெதுவாக ஆக, சென்னியப்பன் சொல்லி வெச்ச அளவு இதயத்தோட வேற வேற இடத்துல போய் விழும்.

"வெந்நீர்"னாங்க. அவ்வளவுதான்.

சென்னியப்பன் கேன்டீனுக்கு ஓடினாரு. அந்த வயசுல அவரு ஓடி யாரும் பார்த்ததில்ல. சொம்போட வந்து, ரப்பர் கையுறைக்குள்ள இளஞ்சூடா ஊத்தி, முடிச்சுப் போட்டு, தாசில்தார் பக்கத்துல வெச்சாரு. இன்னொரு கையுறையை அந்தப் பக்கம் வெச்சாரு. மயக்க வாயுவை நிறுத்தியாச்சு. ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டே நின்னாங்க.

பீப்... பீப்.. பீப். பீப்.

முதல்ல மீசை அசைஞ்சுது. அப்புறம் ஒரு கால். அப்புறம் தாசில்தார் எழுந்து உக்காந்து, ரெண்டு கையையும் தொந்தியில வெச்சு, சென்னியப்பனைப் பார்த்துது.

சென்னியப்பன் மூச்சை விட்டாரு. அதைப் புடிச்சு வெச்சிருந்ததே அப்பத்தான் அவருக்குத் தெரிஞ்சுது.

அன்னிக்கு டைரக்டர் வந்து லாட்ஜைப் பார்த்தாரு. நல்ல மனுஷன். பேசும்போது மட்டும், "சுருக்கமாச் சொல்லிடறேன்"னு ஆரம்பிப்பாரு. ஆரம்பிச்சாருன்னா நிலையம் கட்டினது, அதுக்கு முன்னால அந்த இடத்துல புளியந்தோப்பு இருந்தது எல்லாம் வந்து போகும். அன்னிக்கும் வந்துது. கடைசியாச் சொன்னாரு.

"திங்கக்கிழமை இன்னொரு தடவை எடுங்க. அப்பவும் இப்படின்னா, இந்த எலியை அறுத்துப் பார்த்துடலாம். பழைய வழி பழுதில்லாத வழி."

சென்னியப்பன் கூண்டைப் பார்த்தாரு. தாசில்தார் கடலைப் பருப்பு ஒண்ணைக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டிருந்துது, மனுவைப் படிக்கிற மாதிரி.

டைரக்டர் போனதும் சென்னியப்பனுக்குப் பொறுக்கல.

"மேடம், விரிப்பை நிறுத்தினது தப்புத்தானுங்க. ஒத்துக்கறேன். ஆனா எரைச்சலை நிறுத்தினாத்தானே கேக்க முடியும்? அந்தக் கோடு எவ்வளவு சுத்தமா இருந்துது தெரியுங்களா? அப்புறம் ஏனுங்க எனக்குப் படம் கிடைக்கல?"

"டீ குடிப்போம், வாங்க."

கேன்டீன்ல லேப்காரங்க ஒரு பத்துப் பேரு உக்காந்திருந்தாங்க. இசக்கியம்மாள் டீயை வாங்கிக்கிட்டு நடு மேஜையில உக்காந்தாங்க.

"அண்ணாச்சி, அந்த டைரக்டர் ஐட்டத்தைச் செய்யுங்களேன்."

"இப்பங்களா?"

"ஆமா."

சென்னியப்பன் எழுந்து நின்னாரு. சட்டைக் காலரை ஒரு இழு இழுத்தாரு. அவ்வளவுதான், அங்க நின்னது டைரக்டர். காதுல ஃபோன்.

"ஹலோ, ஃபயர் சர்வீஸா? இங்க தீப்புடிச்சிருச்சு. சுருக்கமாச் சொல்லிடறேன்." கொஞ்சம் நிறுத்தினாரு. "மனுஷன் முதன் முதலா நெருப்பைக் கண்டுபிடிச்ச காலத்துல..."

கேன்டீன் வெடிச்சுது. சென்னியப்பன் காத்திருந்தாரு. சிரிப்பு ஏறி, முறிஞ்சு, கடைசி ஆள் மூச்சு வாங்கற அந்த இடம் வந்துது.

"சார், எங்க சார் எரியுது?"ன்னு ஃபயர் சர்வீஸ் குரல். "அதுக்குத்தாம்ப்பா வர்றேன். நெருப்புல மூணு வகை உண்டு."

மறுபடி வெடிச்சுது. மறுபடி காத்திருந்தாரு. இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் நேரம். ரெண்டு தடவை இருமினாரு. கையால புகையை விசிறினாரு.

"அந்த மூணாவது வகை... இப்ப என் பேன்ட்டுல இருக்கு."

மேஜையைத் தட்டிச் சிரிச்சாங்க. ஒரு ஆளுக்கு டீ மூக்கு வழியா வந்துது.

இசக்கியம்மாளும் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சதும் ஸ்பூனைக் கையில எடுத்தாங்க.

"திரும்பச் செய்யுங்க. இந்தத் தடவை நான் மேஜையில தட்டுவேன். தட்டும்போதுதான் அடுத்த வரி. முன்னயும் கூடாது, பின்னயும் கூடாது."

டக். டக். டக். கடிகாரம் மாதிரி ஒரே சீராத் தட்டினாங்க.

சென்னியப்பன் சொன்னாரு. மனுஷன் நெருப்பைக் கண்டுபிடிச்சதுக்கு எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே தட்டு விழுந்துது. மூணு வகை நெருப்பு யாரு காதுலயும் விழல. அதனால அதுக்கு யாரும் சிரிக்கல. அடுத்த தட்டுக்குக் காத்துக்கிட்டு நின்னாரு. அதுக்குள்ள ஒருத்தர் எழுந்து வடை இருக்கான்னு கேட்டாரு. தட்டு விழுந்தப்ப, பேன்ட்டுல நெருப்போட சென்னியப்பன் தனியா நின்னாரு.

"இன்னொரு தடவை"ன்னாங்க இசக்கியம்மாள். ஸ்பூனைக் கீழ வெச்சுட்டு மத்தவங்க பக்கம் திரும்பினாங்க. "இந்தத் தடவை யாரும் சிரிக்கப்பிடாது. மூச்சுச் சத்தம் கூடக் கேக்கப்பிடாது. அண்ணாச்சிக்கு எரைச்சலா இருக்காம்."

கேன்டீன் அமைதியாச்சு. வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்தாங்க.

"ஹலோ, ஃபயர் சர்வீஸா? இங்க தீப்புடிச்சிருச்சு. சுருக்கமாச் சொல்லிடறேன்."

எங்க நிறுத்தறதுன்னு தெரியல.

"மனுஷன் முதன் முதலா..."

எவ்வளவு நேரம் விடறதுன்னும் தெரியல. இத்தனை வருஷமா அது தன்னோட நாக்குல இருக்குன்னு நினைச்சிருந்தாரு. இப்பத் தேடினா நாக்குல இல்ல. குரல் டைரக்டர் மாதிரியும் இல்ல, தன்னை மாதிரியும் இல்ல. பேன்ட் வரைக்கும் போகாமலே நிறுத்திட்டாரு.

"இப்ப எரைச்சலே இல்லையே அண்ணாச்சி," இசக்கியம்மாள் கேட்டாங்க. "சௌரியமா இருக்கா?"

சென்னியப்பன் தன்னோட டீயைப் பார்த்தாரு. அதுல ஆடை கட்டியிருந்துது.

அந்த அமைதியில, கதவுப் பக்கம் இருந்து ஒரே ஒரு சிரிப்புச் சத்தம் வந்துது. டைரக்டர். எப்ப வந்தாருன்னு யாருக்கும் தெரியல.

"பிரமாதம்! அப்படியே புடிச்சிருக்கீங்க சென்னியப்பன்," கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு. "யாரு இது? நம்ம பழைய ரெஜிஸ்ட்ராரா? அவரு இப்படித்தான், ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாரு."

யாரும் வாயில இருந்து கையை எடுக்கல. அவரு ஒரு காப்பி வாங்கிக்கிட்டு வெளிய போனாரு. கதவு சாத்திக்கிச்சு. செருப்புச் சத்தம் படி இறங்குச்சு. கடைசிப் படியும் இறங்கின அப்புறம்தான் கேன்டீன் கூரை பறந்துது.

தலையைக் குனிஞ்சிருந்த சென்னியப்பன் நிமிர்ந்தாரு. அந்தச் சிரிப்பை முழுசாக் கேட்டாரு. எங்க ஏறுது, எங்க முறியுது, எங்க மூச்சு வாங்குதுன்னு. ஆடையோட டீயைக் குடிச்சுட்டு லேபுக்குப் போனாரு.

திங்கக்கிழமை காலையில சீக்கிரமே வந்தாரு. கையுறைகள்ல வெந்நீர் ஊத்தி ரெடியா வெச்சிருந்தாரு. பஞ்சு வேற கொண்டு வந்திருந்தாரு. தாசில்தாரை மயக்கத்துல படுக்க வெச்சு, இடுப்புப் பக்கமா கையுறையை அண்டக் குடுத்து, பஞ்சை மேல போத்தினாரு. கரண்ட் விரிப்பு இல்ல, அதனால எரைச்சலும் அவ்வளவா இல்ல. கொஞ்ச நஞ்சம் இருந்துது. அதை அப்படியே விட்டுட்டாரு.

பீப் சத்தத்தை முழுசாக் கூட்டினாரு.

"எத்தனை நேரம் கழிச்சு எடுக்கணும்னு மிஷினுக்குச் சொல்லியாச்சா?"ன்னு இசக்கியம்மாள் கேட்டாங்க.

"இல்லீங்க மேடம். அதுக்கு ஒண்ணுமே சொல்லப் போறதில்லீங்க. அது பாட்டுக்கு எடுத்துக்கிட்டே சுத்தட்டும். பக்கத்துல துடிப்புக் கோடும் மூச்சுக் கோடும் ஓடட்டும். எல்லாம் முடிஞ்சப்புறம் உக்காந்து, எந்தப் படம் எந்தத் துடிப்புல எங்க விழுந்துதுன்னு பார்த்துப் பொறுக்கிக்கறனுங்க."

"எலி மேல எக்ஸ்ரே அதிகமாப் படுமே?"

"ஒவ்வொரு படத்துக்கும் அளவைக் குறைச்சிருக்கனுங்க. மறுபடி ஒரு தடவை எடுக்காம இருந்தா, அதுவே எலிக்குப் பெரிய மிச்சமுங்க."

அவங்க ஸ்டூலை இழுத்துப் போட்டு ஓரமா உக்காந்துக்கிட்டாங்க.

டைரக்டர் எட்டிப் பார்த்தாரு. "சென்னியப்பன், சுருக்கமாச் சொல்லிடறேன்." நல்ல வேளையா அன்னிக்குப் புளியந்தோப்பு வரல. "மயக்கத்தைக் கொஞ்சம் கூட்டி வைங்க. துடிப்பு இறங்கும். இறங்கினா எடுக்கிறது சுலபம். படம் பளிச்சுனு வரும்."

சொன்னது பொய் இல்ல. மயக்க வாயுவோட திருகு சென்னியப்பன் கைக்குப் பக்கத்துலயே இருந்துது. கால் வட்டம் திருப்பினாப் போதும். இதயம் சோம்பலா, அழகா, படத்துக்கு உக்காரும். தாசில்தாரை யாரும் அறுக்க மாட்டாங்க. ஆனா அந்தப் படத்துல இருக்கிறது மயக்கத்துல அமுங்கின துடிப்பு, தாசில்தாரோட இதயமா இருக்காது.

இசக்கியம்மாளைப் பார்த்தாரு. அவங்க ஜன்னலுக்கு வெளிய ஒரு அணிலைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

சென்னியப்பன் கையைத் திருகுல இருந்து எடுத்து மடியில வெச்சுக்கிட்டாரு.

"கூட்டினா எல்லாரும் வாயைப் பொத்திக்குவாங்க, யாரும் சிரிக்க மாட்டாங்களுங்க சார்."

"என்னது?"

இசக்கியம்மாளுக்குத் திடீர்னு இருமல் வந்துது.

மிஷின் சுத்த ஆரம்பிச்சுது. சென்னியப்பன் கோட்டைப் பார்க்கல. கண்ணை மூடிக்கிட்டாரு. கடுகு பொரிஞ்சுது. நடுவுல கொஞ்சம் வெசையாச்சு. அப்புறம் தணிஞ்சுது. ஒரு தடவை தாசில்தார் பெருமூச்சு விட்டுது, ஆபீஸ்ல அஞ்சு மணி ஆன மாதிரி. ஒரு துடிப்பு அவசரமா முந்திக்கிட்டு வந்துது. அதுக்கு அடுத்தது தயங்கி வந்துது. போன தடவை இதெல்லாம் அவருக்குத் தொல்லை. இப்ப ஒண்ணொண்ணா காதுல வாங்கிக்கிட்டாரு. கழுத்து லேசா ஆடுச்சு. உதடு என்னமோ அசைஞ்சுது. அது அவருக்கே தெரியாது.

முடிஞ்சதும் முதல்ல எலியை எழுப்பினாரு. அது மீசையை ஆட்டின அப்புறம்தான் கம்ப்யூட்டர்கிட்டப் போனாரு.

பொறுக்கற வேலை மத்தியானம் வரைக்கும் ஓடுச்சு. பெருமூச்சு விட்ட இடத்துல விழுந்த படங்களைத் தள்ளினாரு. முந்திக்கிட்டு வந்த துடிப்பையும் தள்ளினாரு. மத்ததுல, நீளமான துடிப்புக்கு நீளமா, குட்டைக்குக் குட்டையா, ஒவ்வொரு படத்தையும் அதது விழுந்த துடிப்புக்குள்ளயே அளந்து அடுக்கினாரு. சுருங்கறது ஒரு பக்கம். விரியறது ஒரு பக்கம். நடுவுல இருக்கிறதெல்லாம் வரிசையா.

திரையில வந்துது.

டைரக்டர் வந்து பின்னால நின்னாரு. லேப்காரங்க ஒவ்வொருத்தரா வந்து நின்னாங்க.

பட்டாணி அளவு இதயம் திரை முழுக்க இருந்துது. நாலே நாலு அறை. ரத்தம் உள்ள வர வர இடது அறை தளும்பி விரிஞ்சுது. அப்புறம் துணி பிழியற மாதிரி ஒரு முறுக்கு முறுக்கிச் சுருங்கிச்சு. ஓரத்துல அந்தச் செத்த சுவர். முன்ன இசக்கியம்மாள் எடுத்த படங்கள்ல அது நனைஞ்ச அட்டை மாதிரி தொங்கிக்கிட்டுதான் இருந்துது. இப்ப மத்த சுவர் எல்லாம் உள்ள வந்தப்ப, அதுவும் கொஞ்சம் உள்ள வந்துது. கொஞ்சம்தான். தூங்கி எழுந்த ஆள் மத்தவங்களோட சேர்ந்து நடக்கப் பார்க்கிற மாதிரி.

டைரக்டர் முன்னால குனிஞ்சு ரொம்ப நேரம் பார்த்தாரு. வாயைத் திறந்தாரு. எல்லாரும் புளியந்தோப்புக்குத் தயாரானாங்க.

"அடுத்த வாரமும் எடுங்க"ன்னாரு.

போயிட்டாரு. வாழ்க்கையில அவரு சுருக்கமாச் சொன்னது அது ஒண்ணுதான்.

கூட்டம் கலைஞ்சுது. சென்னியப்பன் கூண்டுக்குள்ள ஒரு கடலைப் பருப்பைப் போட்டாரு. தாசில்தார் அதை வாங்கி வெச்சுக்கிட்டு, 'பார்க்கலாம்'ங்கிற மாதிரி பார்த்துது.

"அண்ணாச்சி."

"சொல்லுங்க மேடம்."

"வந்த அன்னைக்கு ஒண்ணு கேட்டியள்லா? எலிகிட்ட என்ன சொல்லுததுன்னு."

"ஆமாங்க. கேட்டுச் சொல்றேன்னீங்க."

"கேட்டுட்டேன்."

"யார்கிட்டங்க?"

"உங்ககிட்டதான். காலைல கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னியளே."

"நானுங்களா?" சென்னியப்பன் சிரிச்சாரு. "நான் ஒண்ணுமே சொல்லலீங்களே மேடம்."

இசக்கியம்மாள் அவரோட சிரிப்பு அடங்கட்டும்னு விட்டாங்க. கூண்டுல தாசில்தார் பருப்பைக் கொறிக்கிற சத்தம் கேட்டுது. அது நின்னு, மறுபடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒரு சின்ன இடைவெளி வந்துது.

அதுல அவங்க தொண்டையைச் செருமினாங்க. ஈரோட்டுக் குரல். சென்னியப்பனோட குரல். அதே கரகரப்பு, அதே இழுப்பு, அச்சு அசல்.

"நீ உன்ற பாட்டுக்கு ஓடு சாமி. நான் பின்னாலயே வந்துக்கறேன்."